88 நாளும் 250 கிலோமீற்றரும்

நீண்ட பயணம் ஒன்றின் கடைசி வாரங்கள்ல இருக்கிற ஆட்களைப் பக்கத்துல இருந்து பார்த்திருக்கீங்களா? போன வகேஷன்ல நான் பத்தொன்பது நாள் பார்த்தேன்.

எங்க வீடு ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துல. கம்பஸ் மூடினா சும்மா இருக்க முடியாது, வீட்டுல காசு வேணும். தோட்டத்துக்குக் கீழ ஒரு சிங்கள ஆன்ட்டி தன் வீட்டுல ரெண்டு அறையை ஹோம்ஸ்டேயா மாத்தி வச்சிருக்காங்க. அங்க நான் இங்கிலிஷ் பேசுற ஆள். ரிவஸ்டனுக்கு எத்தனை மணிக்கு பஸ், பிட்டவல பத்தனைக்கு எங்க டிக்கட் எடுக்கிறது, அட்டை கடிச்சா என்ன செய்றது, இதெல்லாம் சொல்லணும். நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010-ல உலக மரபுரிமைப் பட்டியலுக்குப் போனது. அதனால இந்தப் பக்கம் வெள்ளைக்காரங்க வாறது புதுசு இல்ல. ஆனா ரெண்டு நாள் நிப்பாங்க, படம் எடுப்பாங்க, எல்லவுக்குப் போயிடுவாங்க.

இந்த ரெண்டு பேரும் போகல. ஜெர்மன்காரங்க. அவ பாலர் பாடசாலை டீச்சர், அவன் எலக்ட்ரீஷியன். ஆஸ்திரேலியாவை ஒரு பழைய வேன்ல பதினேழு மாசம் சுத்திட்டு, வேனை வித்துட்டு, வீட்டுக்குப் போற வழியில கடைசி மூணு வாரத்துக்கு இங்க வந்திருந்தாங்க. இன்ஸ்டாவுல பார்க்கிற ட்ராவல் கப்பிள் மாதிரி இருப்பாங்கன்னு நெனச்சேன். அப்படி ஒண்ணுமில்ல. களைச்சுப் போயிருந்தாங்க. காலையில பத்து மணி வரைக்கும் வெளிய வரமாட்டாங்க. ஒரு கொப்பியில மிச்சக் காசை எழுதி எழுதிக் கழிப்பாங்க. மதியம் பருப்பும் சோறும், ராத்திரி நூடுல்ஸ். ஒரு நாள் பின்னேரம் பின்னால மாமரத்தடியில பெரிய சண்டை. பாஷை விளங்காட்டியும் எதைப் பத்தின்னு விளங்கிச்சு. "வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போறோம்?" அதுதான் சண்டை. அவளே பிறகு சொன்னா. ரெண்டு பேரும் வேலையை விட்டுட்டு வந்தவங்க. திரும்பிப் போனா அவங்க அம்மா அப்பா வீட்டு அறையிலதான் படுக்கணும்.

எனக்கு அவங்க மேல கொஞ்சம் பொறாமையும் இருந்துச்சு, மறைக்க மாட்டேன். அவங்க போன விசாவுக்குப் பேரு வேர்க்கிங் ஹொலிடே. வேலையும் செய்யலாம், சுத்தவும் செய்யலாம், இளம் ஆட்களுக்குன்னே வச்சது. அந்தப் பட்டியல்ல இலங்கை இல்ல. இந்தியாவை 2024-லதான் சேர்த்தாங்க, அதுவும் வருஷத்துக்கு 1000 பேருக்கு, குலுக்கல் முறையில. அவங்க ரெண்டு பேரும் ஒன்லைன்ல ஃபோர்ம் நிரப்பிப் போனவங்க. என் பெச்ல எத்தனையோ பேர் வெளிநாடுன்னு சொன்னா ஏஜென்சிக்காரனுக்குக் கட்டுற காசைத்தான் முதல்ல நினைப்பாங்க.

அவங்க அம்மாவைப் பார்க்கணும்னு கேட்டப்ப எனக்குக் கொஞ்சம் யோசனை. லயத்தைப் பார்க்க வாற ஆட்கள் மேல எனக்குப் பொதுவா நல்ல அபிப்பிராயம் இல்ல. கொழுந்துக் கூடையோட நின்னு சிரிக்கச் சொல்லி, நூறு ரூபாயைக் கையில வச்சிட்டுப் போற கூட்டம் அது. ஆனா இவ கேட்டது வேற மாதிரி. "உங்க அம்மா என்ன வேலை செய்றாங்கன்னு சொன்னீங்கல்ல, நானும் அதேதான் செஞ்சேன்" அப்படின்னா.

கூட்டிட்டுப் போனேன். அம்மா வேலை முடிஞ்சு வந்து மேல் கழுவிட்டு இருந்தாங்க. சாயத்தண்ணி ஊத்திக் குடுத்துட்டு, "என்ன புள்ள, என்ன வேலை செஞ்சியாம்?" அப்படின்னு கேட்டாங்க. ஸ்ட்ரோபெரி புடுங்கினேன்னு அவ சொன்னா. ரெண்டாவது வருஷமும் அந்த நாட்டுல இருக்கணும்னா, நகரத்துக்கு வெளிய பண்ணை மாதிரி இடத்துல 88 நாள் வேலை செஞ்சு காட்டணும். அதுதான் விசா சட்டம். அதுக்காக ரெண்டு பேரும் குயின்ஸ்லாந்துல ஒரு பண்ணையில குனிஞ்சு குனிஞ்சு பழம் புடுங்கியிருக்காங்க.

அம்மாவுக்கு உடனே ஆர்வம் வந்துடுச்சு. அதுவரைக்கும் விருந்தாளியா பார்த்த ஆளை வேலைக்காரியா பார்க்க ஆரம்பிச்சாங்க. நான் நடுவுல உக்காந்து ரெண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன்.

"நாளுக்கு எத்தனை கிலோ?"

"கிலோ இல்ல, தட்டுக் கணக்கு."

"குறைஞ்சா அரைப்பேரா?"

அரைப்பேரை எப்படி இங்கிலிஷ்ல சொல்றது? எங்க தோட்டத்துல 18 கிலோ எடுக்கணும், எடுக்கலைன்னா அன்னைக்குப் பாதிச் சம்பளம்தான்னு விளக்கினேன். அவ சிரிச்சா. அங்க முன்னாடி தட்டுக்கு மட்டும்தான் காசாம். மெதுவா புடுங்கினா சாப்பாட்டுக்கே காணாது. 2022 ஏப்ரல்ல இருந்து, தட்டுக் கணக்குல வேலை செஞ்சாலும் மணித்தியாலத்துக்கு உரிய குறைஞ்சபட்சக் கூலி குடுத்தே ஆகணும்னு சட்டம். ஆனா இவங்களைக் கூட்டிட்டுப் போன கொன்ட்ராக்டர் மணித்தியாலத்தைக் குறைச்சு எழுதினானாம்.

"இங்க நிறுவையில கழிப்பாங்க, அங்க நேரத்துல கழிக்கிறான்" அப்படின்னாங்க அம்மா.

அந்தக் கொன்ட்ராக்டரேதான் அவங்க தங்கின ஹொஸ்டலையும் நடத்தினவன். ஒரு அறையில எட்டுக் கட்டில். கட்டில் வாடகை, பண்ணைக்குப் போற வேன் காசு, எல்லாத்தையும் சம்பளத்துல பிடிச்சுட்டு மிச்சத்தைத்தான் கையில குடுப்பான். வேலை இல்லாத கிழமையிலயும் வாடகை ஓடும். முதல் மாசம் முடியிறப்ப இவங்கதான் அவனுக்குக் கடன். "அவனை நீங்க எப்படிச் சொல்வீங்க?" அப்படின்னு அவ என்கிட்ட கேட்டா. யோசிக்கவே தேவைப்படல. கங்காணி.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. எங்க கதையைப் பாடமா எத்தனையோ தரம் படிச்சிருக்கேன். முன்பணம், கடன், பிடித்தம்னு பரீட்சைத் தாள்ல எழுதி மார்க்ஸும் எடுத்திருக்கேன். அதே கணக்கை ஒரு ஜெர்மன் புள்ள எங்க வீட்டு ஸ்டூல்ல உக்காந்து சொன்னப்பதான், இது எங்க தலைவிதியில்ல, ஒரு வேலை வாங்குற முறைன்னு மண்டையில ஏறிச்சு. தூரத்து ஊர்ல இருந்து ஆளைக் கூட்டிட்டு வா, தங்குற இடத்தையும் நீயே குடு, சம்பளத்துக்கு முன்னாடி கடனை ஏத்திடு. எந்த நாட்டுலயும் இது வேலை செய்யும்.

ஆனா ஒரு இடத்துல ரெண்டு கதையும் பிரியுது. அவங்களுக்கு 88-வது நாள் ஒண்ணு இருந்துச்சு. அன்னைக்குக் கையெழுத்து வாங்கிட்டு வேனை எடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்க ஆட்களுக்கு இருந்தது துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகணும்னா, இவன் இவ்வளவு கடன்னு எழுதின துண்டு வேணும். அந்தக் கடனைப் புதுத் தோட்டம் கட்டினாத்தான் ஆளை விடுவாங்க. 1921-லதான் சட்டம் போட்டு அதை ஒழிச்சாங்க.

இன்னொரு விஷயம் இருக்கு, இதைப் பலர் கவனிக்கிறதில்ல. காப்பிக் காலத்துல வந்தவங்கள்ல நிறையப் பேர் இங்கேயே தங்க வந்தவங்க இல்ல. காப்பிப் பழம் பறிக்கிற பருவத்துக்கு வந்து, முடிஞ்சதும் தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போனவங்க. பெரும்பாலும் ஆம்பளைங்க. 1869-ல காப்பியில இலைநோய் வந்து, பிறகு தேயிலை பரவினப்பதான் நிலைமை மாறுது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்கணும். அதுக்குக் குடும்பம் குடும்பமா ஆள் வேணும். போய் வந்துட்டு இருந்தவங்களை லயத்துல கட்டிப் போட்டது தேயிலைதான்.

அவங்க வந்த வழி எங்க மாத்தளையிலதான் மலை ஏறுது. பாக்குநீரிணையைத் தோணியில தாண்டி மன்னார்க் கரையில இறங்கி, காட்டு வழியா மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை, நாலந்தைன்னு நடந்து மாத்தளை. தலைமன்னார்ல இருந்து கணக்குப் பார்த்தா கிட்டத்தட்ட 250 கிலோமீற்றர். தண்ணி இல்லாத காடு, காய்ச்சல், வாந்திபேதி. நடக்க முடியாதவங்களை வழியிலேயே விட்டுட்டுப் போயிருக்காங்க. மாத்தளைக்கு வந்து சேர்ந்தவங்க முத்துமாரியம்மனைக் கும்பிட்டுட்டுத்தான் தோட்டங்களுக்குப் பிரிஞ்சு போனாங்கன்னு ஊர்ல சொல்லுவாங்க. எங்க அப்பாயியோட பாட்டியும் தாத்தாவும் அப்படி நடந்து வந்த ஒரு சோடிதான். அவங்களைப் பத்தி வீட்டுல மிஞ்சினது ரெண்டே தகவல். கல்யாணம் முடிஞ்ச வருஷமே கிளம்பினாங்க. வழி முழுக்க அந்தப் பாட்டி ஒரு செம்பைக் கையில இருந்து கீழ வைக்கலையாம்.

இதை நான் அந்த ரெண்டு பேருக்கும் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "கடைசி வாரத்துல அவங்க என்ன பேசியிருப்பாங்க?"

யாரும் என்கிட்ட இப்படிக் கேட்டதில்ல. எத்தனை பேர் செத்தாங்க, எவ்வளவு கஷ்டப்பட்டாங்க, இதுதான் கேள்வியா இருந்திருக்கு. தம்புள்ளை தாண்டினதும் முதல் தடவையா மலை தெரிஞ்சிருக்கும். கடலூர் மாதிரி, புதுக்கோட்டை மாதிரி சமவெளியில பொறந்து வளர்ந்த ஒரு புதுச் சோடிக்கு அந்த மலை எப்படித் தெரிஞ்சிருக்கும்? குளிர் ஏறினப்ப என்ன செஞ்சிருப்பாங்க? சண்டை போட்டிருப்பாங்களா? திரும்பிப் போயிடலாம்னு ஒருத்தர் சொல்லியிருப்பாரா? அவங்களும் இருபது வயசு ஆட்கள்தானே. எங்க பாட்டன் பூட்டனைப் பாவப்பட்டவங்களா மட்டுமே நினைச்சுப் பழகிட்டோம். பயணம் போனவங்களா நினைக்கிறதில்ல.

அவங்க கிளம்ப நாலு நாள் இருக்கிறப்ப மூணு பேரும் தம்புள்ளை போய், அங்க இருந்து ஏ9 வீதியில பஸ் எடுத்து மாத்தளைக்குத் திரும்பி வந்தோம். நாவுலையைத் தாண்டி நாலந்தையில இறங்கினோம். அங்க ஒரு பழைய கற்கோயில் இருக்கு, நாலந்தா கெடிகே. கட்டின முறை இந்துக் கோயில் மாதிரி, உள்ள பௌத்தம். போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தப்ப 1980-கள்ல கல் கல்லாப் பிரிச்சு இடம் மாத்திக் கட்டினது. ஒரு கோயிலை அப்படியே பெயர்த்து வேற இடத்துல வைக்க முடியுதுன்னு அவன் ஆச்சரியப்பட்டான். எனக்கு 1964-தான் ஞாபகம் வந்துச்சு. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு பிரிச்சாங்க. அப்பாயியோட தங்கச்சி குடும்பம் தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் போய் நீலகிரியில மறுபடி கொழுந்துக்கே போனாங்க. வந்த வழியிலேயே திருப்பி அனுப்பினாங்க, வித்தியாசம் என்னன்னா இந்தத் தடவை ரயில்ல.

நாலந்தையில இருந்து மாத்தளை வரைக்கும் பஸ் ஜன்னல்ல கண்ணுக்குப் படுறதெல்லாம் ஸ்பைஸ் கார்டன் போர்டுதான். பலாபத்வல, அலுவிகாரை, பிறகு கோயில் கோபுரம். தம்புள்ளையில இருந்து எல்லாம் சேர்த்து ரெண்டு மணித்தியாலம் கூட இல்ல.

2023-ல இந்த வழியை நம்ம ஆட்கள் மறுபடி நடந்தாங்க. 200 வருஷ நினைவா ஜூலை 28-ஆம் திகதி தலைமன்னார்ல தொடங்கி ஓகஸ்ட் 12-ஆம் திகதி மாத்தளையில முடிச்சாங்க. காணி, வீடு, நியாயமான கூலின்னு கோரிக்கை வச்சு நடந்த நடை. கடைசி நாள் நானும் அம்மாவும் மாத்தளை டவுன்ல கூட்டத்தோட நின்னோம். அம்மா அழுதாங்க, நான் அழல. நாட்கூலி 1000 ரூபாய் ஆகவே 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்த ஆட்கள், இன்னும் நடந்துதான் கேட்கணுமான்னு எனக்குக் கோவம்தான் வந்துச்சு. இப்ப யோசிச்சா அந்தக் கோவத்தோட இன்னொண்ணும் இருந்துச்சுன்னு தெரியுது. எனக்கும் நடக்கணும்னு ஆசை. கோரிக்கைக்காகவும் இல்ல, நினைவு நாளுக்காகவும் இல்ல. எப்படி இருக்குன்னு பார்க்க மட்டும்.

எங்க வீட்டுல நடக்கிறதுன்னா வேலை. அம்மா மலைக்கு ஏறி இறங்குறது, நான் ஸ்கூலுக்கு நாலு கிலோமீற்றர் போனது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறது. சும்மா நடக்கிறது அடுத்தவங்க சமாச்சாரம். "நடக்கிறதுக்கு யாராச்சும் லீவு போடுவாங்களா" அப்படின்னு அம்மா அந்த ரெண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பாங்க. ஆனா கால் நம்ம கால், வழியும் நம்ம ஆட்கள் போட்ட வழி. அதுல சந்தோசமா நடக்கிற உரிமை மட்டும் எப்படி அடுத்தவங்களுக்குப் போச்சு?

அவங்க போயிட்டாங்க. கடைசி நாள் கொப்பியில 2,300 ரூபாய் மிச்சம்னு காட்டினா. கட்டுநாயக்க போற பஸ்ஸுக்கும் ஒரு சாப்பாட்டுக்கும் காணும்.

அடுத்த வகேஷன்ல நானும் பெச்ல இன்னொரு பிள்ளையும் தம்புள்ளையில இருந்து மாத்தளைக்கு நடக்கப் போறோம். 45 கிலோமீற்றர் அளவு வரும், மூணு நாள்னு திட்டம். பிரச்சினை தூரம் இல்ல, ராத்திரி எங்க தங்குறதுங்கிறதுதான். ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க ரோட்டோரமா பேக்கோட நடந்தா எத்தனை பேர் பைக்கை ஸ்லோ பண்ணுவாங்கன்னு எங்களுக்குத் தெரியும். நாவுலையில ஒரு டீச்சர் வீடு கேட்டிருக்கோம், நாலந்தைப் பக்கம் இன்னும் சரிவரல. அம்மாகிட்ட சொல்லியாச்சு. வேணாம்னு சொல்லல. "வெயிலுக்கு முன்னாடி கிளம்பு, மத்தியானத்துல நடக்காத, தண்ணிக்கு ஒரு செம்பு எடுத்துக்கோ" அப்படின்னாங்க. போத்தல் இருக்கும்மான்னேன்.

மூணாவது, நாலாவது ஆளா வாறதுன்னா சொல்லுங்க. நாலு பேர்னா இன்னும் நல்லம்.