சட்டத்தில் ஒரு விரிசல்



குனோங் ராபாட் வட்டாரத்தில் மாலை நடைக்குச் செல்வோர் பலர் கெக் லோக் தோங் குகைக்குப் பின்னால் உள்ள பூங்காவிற்கு வருவர். சுண்ணாம்பு மலைகள் சூழ்ந்த அக்குளக்கரையில், ஒரு சனிக்கிழமை மாலை, என் முன்னாள் மாணவன் ஒருவனையும் அவன் தந்தையாரையும் சந்தித்தேன். மாணவனுக்கு வயது பதினாறு. மலை மிதிவண்டிப் பந்தயங்களில் கலந்துகொள்பவன். இரண்டு வாரத்தில் கிளேடாங் மலையில் பந்தயம். தந்தையார் முகத்திலோ கவலை.

பயிற்சியில் மகன் விழுந்திருக்கிறான். மிதிவண்டிச் சட்டத்தின் தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தில், சாயத்தின் மேல் மயிரிழை போல் ஒரு கோடு.

"இரும்பா இருந்தா நானே பற்ற வெச்சிடுவேன் சார். இது அலுமினியம். சூடு பட்ட இடம் பலம் குறைஞ்சிடும். திரும்பவும் உலையில பதப்படுத்தணும். நம்ம பட்டறையில அது ஆகாது" என்றார். அவர் பற்றவைப்புத் தொழிலாளி. அலுமினியத்தில் விரிசல் ஒருமுறை தோன்றினால், சிறுசிறு அதிர்வுகளாலேயே வளர்ந்து திடீரென முறியும் என்பதையும் விளக்கினார்.

அந்த வண்டியைப் பார்த்தபோது, தோட்டத்தில் என் தந்தையார் ஒட்டுப்பால் மூட்டை கட்டி ஓட்டிய கறுப்பு மிதிவண்டி நினைவிற்கு வந்தது. அதன் முன்பகுதியும் நன்கு சாய்ந்திருக்கும். 1970களில் கலிபோர்னியாவின் டமல்பாய்ஸ் மலையில் பந்தயம் விட்ட இளைஞர்களும் பழைய கனத்த வண்டிகளையே பயன்படுத்தினர். 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் அதற்கெனத் தனிச் சட்டம் செய்தார். 1990களில் ஏறத்தாழ 71 பாகையாக நிமிர்ந்திருந்த முன்சாய்வு, இன்று பல வண்டிகளில் 65 பாகை அளவிற்கு மீண்டும் சாய்ந்துவிட்டது. முன்சக்கரம் தள்ளி நின்றால் செங்குத்தான இறக்கத்தில் தலைகுப்புற விழும் வாய்ப்புக் குறையும். ஆயினும், சட்டம் எவ்வளவு சிறந்ததாயினும், இறக்கத்தில் கல்லும் வேரும் தரும் அதிர்ச்சியைத் தாங்குபவற்றுள் மணிக்கட்டும் ஒன்று.

நண்பனின் வண்டியை இரவல் வாங்கிப் பந்தயத்தில் ஓடப்போவதாக மாணவன் சொன்னான். வாழ்த்துக் கூறக் கை நீட்டினேன். அவன் இடக்கையை நீட்டினான். எனக்கு உறுத்தியது.

பள்ளியில் செம்பிறைச் சங்கத்திற்குப் பொறுப்பாசிரியராக இருந்தவன் நான். வலக்கைக் கட்டைவிரலை உயர்த்தச் சொல்லி, அதன் அடியில் விழும் பள்ளத்தை மெல்ல அழுத்தினேன். அவன் துடித்துவிட்டான்.

"சின்ன வலிதான் சார். அசிசுல்ஹஸ்னி காலில மரச்சிராய் குத்தியும் ஓட்டினாரே! நீங்கதானே வகுப்பில சொன்னீங்க?"

நான் வாயடைத்து நின்றேன். 2011 பிப்ரவரியில், மான்செஸ்டர் உலகக் கிண்ணக் கெய்ரின் இறுதிச் சுற்றில் அசிசுல்ஹஸ்னி அவாங் கீழே விழுந்தார். ஓடுதளத்தின் மரச்சிராய், ஏறத்தாழ 20 செண்டிமீட்டர் நீளமுடையது, அவரது கெண்டைக்காலைத் துளைத்தது. அவர் மீண்டும் ஏறி மூன்றாவதாக முடித்தார். விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக ஆண்டுதோறும் இதைச் சொல்வேன். ஆனால், என் கதை எல்லைக்கோட்டோடு முடிந்துவிடும். அறுவைச் சிகிச்சையைப் பற்றி ஒரு சொல்லும் கூறியதில்லை. அவர் காயத்தை யாரிடமும் மறைக்கவில்லை என்பதையும் கூறியதில்லை.

மகனின் வண்டியை அங்குலம் அங்குலமாய்ச் சோதித்த தந்தையார், தலைகுனிந்து நின்றார். "கையைப் பார்க்கலையே சார்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

அன்றிரவே மருத்துவமனைக்குச் சென்றோம். முதல் ஊடுகதிர்ப் படத்தில் எதுவும் தெரியவில்லை. ஆயினும், மருத்துவர் மாவுக்கட்டுப் போட்டார். மணிக்கட்டில் உள்ள படகெலும்பின் முறிவு சில வேளைகளில் முதல் படத்தில் தெரியாது. அவ்வெலும்பிற்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால், கவனிக்காவிடில் ஒட்டாமலே போகலாம் என்றார். இரண்டு வாரம் கழித்து எடுத்த படத்தில் மெல்லிய கோடு தெரிந்தது. பந்தயம் அதற்கு முந்தைய நாள் முடிந்திருந்தது.

மாணவன் சில வாரங்கள் என்னிடம் பேசவில்லை. பிறகு, கட்டுப் பிரித்த கையோடு வீட்டிற்கு வந்து, வலக்கையை நீட்டினான்.

இப்போதும் வகுப்பில் அசிசுல்ஹஸ்னியைப் பற்றிச் சொல்கிறேன். மருத்துவமனை, சிகிச்சை, 2017இல் ஹாங்காங்கில் வென்ற உலகப் பட்டம் வரை சொல்கிறேன். சொல்லி முடித்தபின், "யாருக்காவது எங்கேயாவது வலிக்கிறதா?" என்று கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் ஓரிரு கைகளாவது உயர்கின்றன.