ஆண்டை வீட்டு ரிவால்வர்

எங்கள் சேரியில் அந்தத் துப்பாக்கியைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. பயந்தவர்கள் மூன்று தலைமுறை. "பெரியாண்டை மடியில சொருவிக்கினுதான் களத்துக்கு வருவாரு" என்று ஆயா சொல்லும். ஆயாவும் பார்த்ததில்லை. வெள்ளைக்கார கலெக்டர் பரிசாகக் கொடுத்தது, இங்கிலாந்தில் செய்தது, ஜவ்வாது மலையில் புலி சுட்டது என்று அதற்கு ஒரு தலபுராணமே உண்டு. கூலி நெல் குறையுதேன்னு கேட்க வாயெடுத்தவனெல்லாம் அந்த மடியை நினைத்தே வாயை மூடியிருக்கிறான்.

பண்ணை நொடித்து, வாரிசுகள் பாகப்பிரிவினைக்குக் கோர்ட்டுக்குப் போனபோது பீரோவிலிருந்து அது வெளியே வந்தது. லைசென்ஸ் எப்போதோ முடிந்துபோயிற்று. போலீசில் ஒப்படைக்க வேண்டும், எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் யார் தயாரிப்பு என்று குறிப்பிட வேண்டும். வழக்கைப் பார்க்கிற வக்கீல் நம்ம தோழர். எம்.ஏ. தமிழ் படித்தவன் எந்த எழுத்தையும் படித்துவிடுவான் என்கிற நினைப்பில் படங்களை என்னிடம் நீட்டினார். எனக்கும் விட மனசில்லை. நாலைந்து மாதம் புத்தகம் புத்தகமாகத் தேடினேன்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். டிரிக்கருக்குக் காப்பு வளையம் கிடையாது, முன்பக்கம் மடக்கிக்கொள்ளலாம். சட்டைப்பையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பேரலில் கம்பெனிப் பெயர் இல்லை. சிலிண்டரில் கடுகளவு முத்திரை ஒன்று: முட்டை வடிவக் கோட்டுக்குள் ஈ, எல், ஜி என்று மூன்று எழுத்து, அடியில் நட்சத்திரம், கோட்டுக்கு மேலே கிரீடம். அந்தக் கிரீடத்தைப் பார்த்துத்தான் இங்கிலாந்து ராஜா முத்திரை என்று வீட்டார் நம்பியிருக்கிறார்கள்.

அது பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துச் சோதனைச்சாலை முத்திரை. 1672இல் தொடங்கிய சாலை. வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு வெடித்துப் பார்ப்பார்கள். பேரல் பிளக்கவில்லை என்றால் முத்திரை குத்துவார்கள். முட்டைக்கு மேலே கிரீடம் ஏறியது 1893இல். ஆக, துப்பாக்கி அதற்குப் பிந்தியது. இங்கிலாந்தில் செய்ததென்றால் லண்டன் அல்லது பர்மிங்காம் முத்திரை இருந்திருக்கும்.

வகையின் பெயர் வெலோடாக். பாரிசில் கலான் என்பவர் 1890களில் கொண்டுவந்தது. பெல்ஜியத்திலும் பிரான்சிலும் ஸ்பெயினிலும் பட்டறை பட்டறையாக அதைப் பார்த்துச் செய்து மலிவாக விற்றார்கள். எதற்கு? சைக்கிளில் போகிறவர்களை நாய் துரத்தினால் சுடுவதற்கு! புலி சுட்ட கதையைச் சொல்லியா எங்களை மூன்று தலைமுறை மிரட்டினீர்கள்?

சிரித்தாலும் ஒன்றை மறக்க முடியாது. நாயைக் கொல்கிற குண்டு மனுசனையும் கொல்லும். தவிர, ஆண்டையின் பலம் இரும்பில் இல்லை, காகிதத்தில் இருந்தது. 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. வெள்ளையருக்கு விலக்கு. லைசென்ஸ் கேட்டு ஆபீஸ் படியேற நிலமும் செல்வாக்கும் இருந்தவனால் முடிந்தது. சேரிக்காரன் அந்தப் படியேறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சரி, செய்தவர் யார்? ஒரு கடிகார ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துக் கைப்பிடிக் கட்டையைக் கழற்றச் சொன்னேன். உள்ளே இரும்பில் இரண்டு எழுத்து. வியாபாரியின் குறியாக இருக்கலாம், ராவியவரின் குறியாக இருக்கலாம். அதற்கு மேல் வழியில்லை. லியேஜ் தொழில் அப்படி நடந்தது. வியாபாரி பாகங்களைக் கொடுப்பான். சுற்றுக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு ஜன்னலோரம் பட்டடை போட்டு ஒருத்தர் சிலிண்டர், ஒருத்தர் டிரிக்கர், ஒருத்தர் கட்டை என்று அரம் போட்டு ராவுவார்கள். கூலி உருப்படிக் கணக்கு. பேரலுக்கென்றே பேர்போன நெசொன்வோ என்கிற ஊர் இருந்தது. ஊருக்குப் பேர் இருந்தது, ராவியவனுக்கு இல்லை. பேர் போட்டால் அது வியாபாரி பேர். 1889இல் எர்ஸ்டாலில் பெரிய தொழிற்சாலை வந்த பிறகும் இந்த வீட்டுவேலை சட்டென்று நின்றுவிடவில்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு ஆம்பூர்தான் கண்ணில் வந்தது. என் சின்னம்மா திண்ணையில் உட்கார்ந்து ஷூவுக்கு அப்பர் தைக்கிறவர். தோல் துண்டும் நூலும் மூட்டையாக வரும், ஜோடிக் கணக்கில் கூலி. விரல் நுனியெல்லாம் ஊசி ஏறிக் காய்த்துக் கிடக்கும். அந்த ஷூ எந்த நாட்டுக்குப் போகுது, என்ன பேர் போடுறான் என்று சின்னம்மாவுக்குத் தெரியாது. ரிவால்வர் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். "அவுங்களுக்கு உருப்படிக்கு எவ்ளோ குடுத்தானாம்?" என்று கேட்டார். எந்தப் புத்தகத்திலும் நான் தேடாத கேள்வி.

"செய்தவர் பெயர் இல்லை. பெல்ஜியம், லியேஜ். 1893க்குப் பிறகு" என்று தோழரிடம் எழுதிக் கொடுத்தேன். வாரிசுகளில் மூத்தவர் அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லையாம். அப்புறம், "இங்கிலாந்துன்னே போட்டுருங்களேன் சார்" என்றாராம்.