வேலை தேடுவோர் பதிவேடு

2020 ஆம் ஆண்டு நோன்பு காலம். பள்ளிவாசல்கள் மூடிக்கிடந்தன. மாளிகைக்காட்டில் எங்கள் வீட்டு விறாந்தையில் தராவீஹ் தொழுதுவிட்டு இருந்தபோது, பக்கத்து வளவிலிருந்து ராத்தாவின் மகன் வந்தான். ஆறு வருடம் கட்டாரில் டைல்ஸ் பதித்தவன். பெப்ரவரியில் லீவில் வந்தான். மார்ச்சில் கட்டார், இலங்கை உட்படப் பல நாட்டாருக்குக் கதவை மூடிவிட்டது.

“மாமா, நான் வேலை உள்ளவனா, இல்லாதவனா?” என்று கேட்டான்.

அன்று பகல் ஒரு கந்தோருக்குப் போயிருக்கிறான். வெளிநாட்டுக்காரன் என்று 5000 ரூபாய்ப் பட்டியலில் பெயரில்லை. வேலை தேடுவோராகவாவது பதியுங்கள் என்றதற்கு, “உங்களுக்குத்தான் கட்டாரில் வேலை இருக்குதே” என்றார்களாம். கம்பனி சம்பளத்தை நிறுத்தி ஒரு மாதம். விசாவுக்காக அடகு வைத்த மனைவியின் காப்பு இன்னும் மீளவில்லை.

நான் பேசாமல் இருந்தேன். ஓய்வுபெறும்வரை அப்படியொரு பதிவேடு எழுதியவன் நான்.

நமது பிரதேச செயலகங்களில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். வேலை தேடுவோரைப் பதிவது, வெற்றிடங்களோடு பொருத்துவது, பயிற்சிக்கு வழிகாட்டுவது அவர்கள் பணி. ஆனால் வேலையிழந்தோருக்கான காப்புறுதி இந்த நாட்டில் இல்லை. அதனால் 2020 ஏப்ரலிலும் மேயிலும் அரசு கொடுத்த 5000 ரூபாய், சமுர்த்தி, முதியோர் கொடுப்பனவு போன்ற பழைய பட்டியல்களைப் பிடித்துக்கொண்டே பெரும்பாலும் நடந்தது. ஜேர்மனியில் வேலைநேரம் குறைக்கப்பட்டவர்களுக்கு, இழந்த தேறிய சம்பளத்தில் 60 வீதத்தை, பிள்ளையுள்ளோர்க்கு 67 வீதத்தை, வேலைவாய்ப்பு முகவரகமே ஈடுசெய்தது. அங்கே யாருக்கு என்ன சம்பளம் என்பது ஏட்டில் இருந்தது. நமது ஏட்டுக்குக் கரைவலை இழுப்பவனையும் தெரியாது, வயலில் கூலிக்கு நிற்பவனையும் தெரியாது.

மறுநாள் என் பழைய கொப்பியைப் புரட்டினேன். காரைதீவுக் கொந்தராத்துக்காரர் ஒருவரின் நம்பர் இருந்தது. எப்போதோ ஆள் கேட்டு என்னிடம் வந்தவர். அழைத்தேன்.

“சேர், மகளுக்குக் கட்டுற வீடு பாதியில நிக்குது. டைல்ஸ் பதிக்கிற பொடியன் வெளி மாவட்டம், வர ஏலாம இருக்கான். உங்கட ஆளை அனுப்புங்க.”

ஊரடங்கு தளர்ந்ததும் மருமகன் சைக்கிளில் காரைதீவுக்குப் போனான். பெருநாளைக்கு முதல் கடைக்கடனை அடைத்துவிட்டதாக ராத்தா சொன்னா. அந்த வீடு முடிய, அவரே இன்னொரு வீட்டைக் காட்டிவிட்டார்.

எனக்குச் சந்தோசம்தான். ஆனால் அன்று முதல் ஒரு விடயம் மனதை அறுக்கிறது. அந்த நம்பர் வருடக்கணக்காய் என்னிடம் கிடந்தது. நான் கதிரையில் இருந்த காலத்தில் எத்தனை பிள்ளைகள் தகப்பனோடு வந்து பெயர் பதிந்து, “அறிவிப்போம்” என்ற என் சொல்லை நம்பித் திரும்பிப் போனார்கள்! அவர்களில் ஒருவருக்காகவேனும் நான் தொலைபேசியைக் கையில் எடுத்தேனா? மருமகனுக்காக எடுத்தேன். அவன் என் இரத்தம்.