அப்பாவின் வயிற்றில் காற்று

ஒன்பதாவது நாள் அப்பாவை மேசையிலிருந்து இறக்கிவிட்டார்கள். கதிர்வீச்சு அறையிலிருந்து வேட்டியை இடுப்பில் பிடித்தபடி வெளியே வந்தார். பின்னாலேயே வந்த டெக்னீஷியன் பெண், "பயப்பட ஒண்ணும் இல்லைங்க. உள்ள கேஸ் நெறைய இருக்கு. ஐயாவ கொஞ்சம் நடக்க வையுங்க, பாத்ரூம் போயிட்டு வந்தா திரும்ப எடுத்துக்கலாம்" என்றார். வராந்தாவில் காத்திருந்தவர்கள் எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். அப்பா என்னைப் பார்க்காமல் மறுகோடி வரைக்கும் போனார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இதே மனிதர்தான் ஏ.எஃப்.டி. மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, பாயில் படுத்தபடி சத்தமாகக் குசு விட்டு, "மில்லு சங்கு ஊதிடுச்சி, எழுந்திருங்கடா" என்று எங்களைச் சிரிக்க வைத்தவர்.

புராஸ்டேட் ஒரு சின்னச் சுரப்பி. மேலே மூத்திரப்பை, பின்னால் மலக்குடல். ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி இருக்காது. மலக்குடலில் காற்று சேர்ந்தால் முன்பக்கம் நகரும். சில மில்லிமீட்டர், சில நாள் அதற்கு மேலும். கதிர் விழப்போவதோ முதலில் எடுத்த சி.டி. ஸ்கேனில் குறித்து வைத்த இடத்தில். சுரப்பி நகர்ந்துவிட்டால் அதற்குக் கிடைக்க வேண்டியது குறைந்து, மலக்குடல் சுவருக்குப் போகக்கூடாதது போய்விடலாம். அதனால்தான் தினமும் மேசையில் படுத்ததும் முதலில் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், மலக்குடல் காலியாக இருக்க வேண்டும். எழுபது வயதுக்காரரிடம் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அரியாங்குப்பத்திலிருந்து கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மர் புற்றுநோய் மையத்துக்கு ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். முதல் நாள் வீட்டிலேயே அரை லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்துக் கூட்டிப்போனேன். மரப்பாலம் சிக்னலிலேயே அப்பா கால்மேல் கால் போட ஆரம்பித்தார். நூறடி சாலையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். போனது போனதுதான், மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் நாளிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் பாட்டிலைத் திறந்தோம்.

அதிலும் ஒரு சிக்கல். அப்பா எச்சில் பண்ணிக் குடிக்க மாட்டார். பாட்டிலை உயரத் தூக்கி அண்ணாந்து மடக் மடக்கென்று ஊற்றிக்கொள்வார். "அப்படி வேகமா ஊத்தினா தண்ணியோட காத்தும் உள்ள போகும் ஐயா, வாய் வச்சு மெதுவா குடிங்க" என்று ஒரு நர்ஸ் சொன்னார். அப்பா தலையாட்டினார். அவர் அந்தப் பக்கம் போனதும் மறுபடி அண்ணாந்தார்.

வீட்டில் வேறு ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. முதல் வாரமே நான் பிரிட்டிஷ் மருத்துவமனைகள் நோயாளிகளுக்குக் கொடுக்கிற தாள்களை இணையத்தில் தேடி எடுத்துவிட்டேன். முட்டைக்கோஸ், பீன்ஸ், வெங்காயம், பீர், சோடா வேண்டாம் என்று இருந்தது. அப்பா குடிக்கிற ஒரே சோடா கடைத்தெரு பன்னீர் சோடா. பீன்ஸ் என்றால் நமக்கு என்ன? மொச்சை, காராமணி, கொண்டைக்கடலை. இவற்றில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று இரண்டு சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கிற நொதி நம் சிறுகுடலில் கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கிருக்கும் பாக்டீரியா அதைத் தின்று ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும், சிலருக்கு மீத்தேனும் விடும். மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு என்றால் உயிரை விடும் ஒருவரிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மாவிடம் வேறு பட்டியல் இருந்தது. உருளைக்கிழங்கு வாயு, வாழைக்காய் வாயு. பூண்டு நல்லது, பெருங்காயம் நல்லது. நான் எடுத்த தாள்களின்படி பூண்டிலும் வெங்காயத்திலும் இருக்கிற ஃபிரக்டான் வாயுவைக் கிளப்பும். "பூண்டு வாயுவா? எவன்டா சொன்னான்?" என்றாள். அவள் உருளைக்கிழங்கை நிறுத்தினாள், நான் பூண்டை நிறுத்தினேன். நான் பாலை நிறுத்தினேன், அவள் மோரையும் சேர்த்து நிறுத்தினாள். ஆடி மாசம் வேறு. தெருவுக்குத் தெரு மாரியம்மன் கோவில் கூழ். கூழை நான் வேண்டாம் என்றேன், கூழுக்குத் தொட்டுக்கொள்கிற மொச்சையை அம்மா வேண்டாம் என்றாள். இதெல்லாம் போக அப்பாவுக்கு மிச்சம் இருந்தது இட்லியும் ரசம் சோறும்.

நான் ஒரு எக்செல் ஷீட்டும் போட்டேன். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, காலையில் வயிறு போனதா, மேசையில் படம் சரியாக வந்ததா. வேலையில் ஒரு பிழை வந்தால் லாகைத் திறந்து எந்த வரியில் உடைந்தது என்று தேடுகிற பழக்கம். எட்டு நாள் விவரத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. இட்லி தின்ற நாளிலும் கேஸ், தின்னாத நாளில் இல்லை. கேஸைக் குறைக்கும் உணவுமுறையால் சுரப்பி அசைவது உண்மையிலேயே குறைகிறதா என்பதில் ஆராய்ச்சிகளே ஒத்துப்போகவில்லை என்று பிறகு படித்தேன். நெதர்லாந்தில் மக்னீசியம் ஆக்சைடு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

ஒன்பதாவது நாள் வராந்தாவில் மூன்றாவது சுற்று நடக்கும்போது அப்பா மெதுவாகச் சொன்னார்: "நேத்து ராத்திரி ஒண்ணுமே துன்னலடா. அப்பவும் எங்கிருந்துதான் வருது?"

நேற்று மட்டும் இல்லை. நாலு நாளாக ராத்திரிச் சோற்றை அம்மா அந்தப் பக்கம் போனதும் நாய்க்குப் போட்டிருக்கிறார். மூன்று நாளாகச் சரியாக வெளிக்கும் போகவில்லை. என் ஷீட்டில் அந்த மூன்று நாளும் "போனது" என்று இருந்தது. அவர் சொன்னதைத்தான் நான் எழுதினேன். காலையில் கக்கூஸ் கதவுக்கு வெளியே மகன் போனோடு நின்றால் யாராக இருந்தாலும் "போச்சு" என்றுதான் சொல்வார்கள்.

டாக்டரிடம் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. "பட்டினி கிடந்தா கேஸ் நிக்காது ஐயா. மலம் நகரலைன்னா காத்தும் அங்கயேதான் நிக்கும். வழக்கமா சாப்புடற நேரத்துக்கு சாப்புடுங்க" என்று ஒரு மலமிளக்கி எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு இரண்டாவது முறை படுத்தபோது படம் சரியாக வந்தது.

அன்று ராத்திரி நான் படிக்கக்கூடாததைப் படித்தேன். 2005இல் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்திலிருந்து வந்த ஒரு கட்டுரை. 127 நோயாளிகள். திட்டமிடும் ஸ்கேனில் மலக்குடல் உப்பியிருந்தவர்களுக்குப் புற்றுநோய் திரும்ப வந்தது அதிகம். விடிகிறவரை அப்பாவின் ஸ்கேன் நாளன்று என்ன சாப்பாடு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். காலையில் அந்த டெக்னீஷியன் பெண்ணிடம் கேட்டேவிட்டேன். "அதெல்லாம் தினம் உள்ள பாக்காத காலம் சார். இப்ப பாத்து நகத்தித்தான குடுக்கறோம்? சரியில்லன்னா எறக்கி விடறோம். அதுக்குத்தான் நாங்க இருக்கோம்" என்றார். தினமும் படம் எடுத்துச் சரிசெய்தால் அந்த வித்தியாசம் போய்விடுகிறது என்று பிற்பாடு வந்த ஆய்வுகளும் சொல்கின்றன. நான் அதுவரை படித்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

மேசையிலிருந்து இறக்கிவிடுவது அவர்கள் வேலையின் ஒரு பகுதி. அதை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அப்பா தினமும் எழுதுகிற பரீட்சையாக மாற்றி வைத்திருந்தோம். ஷீட்டை அழித்தேன். அம்மாவிடம் உருளைக்கிழங்கு போடச் சொன்னேன். "அப்போ பூண்டு?" என்றாள். போடு என்றேன். மொச்சை மட்டும் முடியும்வரை வேண்டாம் என்று இரண்டு பேருமே ஒத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகும் ஒருமுறை இறக்கிவிட்டார்கள். வீராம்பட்டினம் தேர் அன்றைக்கு. கடலூர் ரோடு முழுக்க ஜனம் எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தது, போய்ச் சேரவே தாமதம். அன்று அப்பா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பக்கத்தில் இருந்த, விழுப்புரத்துப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவரிடம், "உங்களுக்கும் காத்தா?" என்று கேட்டார். "ஆமாங்க, ரெண்டு தடவ எறக்கிட்டாங்க" என்றார் அவர். இருவரும் சேர்ந்து வராந்தாவில் நடக்கப் போனார்கள். தூரத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எதற்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கடைசி நாள் முடிந்தும் சில வாரம் வயிறு சரியில்லை. கதிரின் எரிச்சல், அடங்க நாளாகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். புரட்டாசி பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மொச்சையை ராத்திரியே ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, நெத்திலிக் கருவாடு போட்டுக் குழம்பு வைத்தாள். பூண்டு நிறைய. அப்பா சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"தம்பி, நாளைக்கு எங்கியும் போவ வேணாம்ல?"

"வேணாம்ப்பா."

இரண்டாவது தடவையும் சோறு போடச் சொன்னார்.