வேன் கூரைக்கு எம்-சீல் ஆகாது

சனத்நகர் வந்தபிறகு ஐப்பசி மழையில் ஊருக்குப் போவதென்றால் எங்களுக்கு வேன்தான். பின்னால் மெத்தை போட்டு அம்மாவைப் படுக்க வைப்போம். கூரை ஒழுகினால் நனைவது அவங்கதான். அதனால், கிளம்புவதற்கு முன் கூரையை அடைப்பது என் வேலை.

நம்ம மக்கள் எதுக்கெடுத்தாலும் எம்-சீல்தான். குழாய் விரிசலுக்குச் சரி. ஆனா காய்ந்தால் கல்லு மாதிரி. சென்னை வரைக்கும் 600 கிலோமீட்டருக்கு மேல் குலுங்குற கூரைத் தையலில் அது விட்டுப்போகும்ங்க. அங்கே ரப்பர் மாதிரி நீளும் பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்க. அதன்மேல் பெயின்ட்டும் பிடிக்கும். சிலிக்கானில் அது பிடிக்காது. சிலிக்கான்தான் கிடைத்ததென்றால் 'நியூட்ரல்' வகையா பாருங்க. வினிகர் வாடை அடிக்கும் வகை தகரத்தை அரிக்கும்.

பழசைச் சுத்தமாகச் சுரண்டி, துடைத்து, பூசி, நல்லா காயவிடுங்க. அப்புறம் ஒருத்தரை மேலே தண்ணி ஊற்றச் சொல்லிட்டு, அம்மா படுக்கும் இடத்தில் நீங்க படுத்துப் பாருங்க.