மருமகளின் குதிரை

நோயாளியைப் போய்ப் பார்ப்பது எங்கள் மார்க்கத்தில் ஒரு முஸ்லிம் மற்ற முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமை. ஸலாத்துக்குப் பதில் சொல்வதோடும் ஜனாஸாவின் பின்னால் நடப்பதோடும் சேர்த்து எண்ணப்படுவது. ஓதப் போன காலத்திலேயே மனனம் செய்துவிட்டோம். அதை நிறைவேற்றுகிற விதத்தில்தான் எனக்கு எங்கள் ஊரோடு ஒரு மனத்தாங்கல். ஆறேழு பேராகப் போவோம். கட்டிலைச் சுற்றி நிற்போம். மருந்துத் துண்டை வாங்கிப் பார்த்து, இந்த டொக்டரை விட அந்த டொக்டர் நல்லம் என்போம். துஆக் கேட்போம், பிளேன்டி குடிப்போம், எழும்பி வந்துவிடுவோம். அந்தப் பிளேன்டியை ஊற்றிக் கொண்டுவந்தவள் நேற்று ராத்திரி எத்தனை தரம் எழும்பினாள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இதை அவளுக்காக எழுதுகிறேன். இடையில் குதிரையும் வரும். கிண்ணியாப் பக்கத்தில் குதிரைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

என் ராத்தா கிண்ணியாவில் இருந்தார், நான் குறிஞ்சாக்கேணியில். இரண்டுக்கும் நடுவே களப்பின் ஒரு துண்டுத் தண்ணீர். 2021இல் ராத்தாவைப் பாரிசவாதம் விழுத்தியது. இடது கையும் காலும் போயின. பேச்சு குழறினாலும் அறிவு தெளிவு. வாய் அதைவிடக் கூர்மை. மூத்த மருமகள் தாயோடு இருந்தாள். இளையவள் கலியாணம் முடித்து இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்தில். அங்கே அவளுடைய வேலை வீடு வீடாகப் போய் வயோதிபர்களைப் பராமரிப்பது. தன் உம்மாவை மூத்தவள் பார்க்க, இளையவள் யார் யாருடையவோ உம்மாமாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அல்லாஹ் எழுதுகிற கணக்கு சில நேரம் இப்படித்தான்.

பாரிசவாதம் வந்தவரைப் பார்ப்பது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் முதுகிலும் குதியிலும் படுக்கைப்புண் வரும். ராத்திரிக்கும் அதே கணக்கு. கஞ்சியைத் தடிப்பாகக் காய்ச்சி, நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னக் கரண்டியால் ஊட்ட வேண்டும். தண்ணியாகக் கொடுத்தால் அது சுவாசக் குழாய்க்குள் இறங்கி நெஞ்சில் சளி கட்டும், காய்ச்சல் வரும். ஊட்டி முடித்த பிறகும் அரை மணித்தியாலம் படுக்க விடக் கூடாது. செயலிழந்த கையின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்க வேண்டும். விட்டால் கை பொத்தியபடியே இறுகிப் போகும். இவ்வளவுக்கும் மேலேதான் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, துணி துவைப்பது எல்லாம்.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். கிணற்றுக்குக் குளோரின் போட்டதும் டெங்கு நுளம்பைத் தேடிப் பின்வளவுகளில் புகுந்து திரிந்ததும்தான் என் அனுபவம். கட்டிலோரத்து வேலையை மருமகளிடம் கேட்டுப் படித்தேன். குளிப்பாட்டுவதில் ஆண்பிள்ளைக்கு இடமில்லை. ஊட்டுவது, விரல் நீட்டுவது, பிரஷர் பார்ப்பது, பேச்சுத் துணை இருப்பது, இவை என் பங்கு. ஒவ்வொரு நாளும் போனேன்.

போவதில்தான் சிக்கல். எங்களுக்குப் பனிகாலம் கிடையாது. ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை வாடைக்காற்றோடு வருகிற மாரிதான் குளிர்காலம். ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த நாலு மாதத்துக்குள் விழுந்துவிடும். பெரும்போகம் விதைப்பதும் அப்போதுதான், வெள்ளம் வருவதும் டெங்கு பெருகுவதும் அப்போதுதான். எங்கள் கிழக்கின் கெட்ட செய்திகளும் அந்த மாதங்களையே பார்த்து வரும். 1978 நவம்பர் 23 மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது. 2004 டிசம்பர் 26 கடல் கிண்ணியாவுக்குள் ஏறி ஆஸ்பத்திரியையே உடைத்துவிட்டுப் போனது.

திருகோணமலைக்குப் போகிற கிண்ணியாப் பெரிய பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தது. சவூதி அரேபியாவின் உதவியில் கட்டியது, 396 மீற்றர் நீளம். அதற்கு முன் அந்தப் பக்கமும் படகுப் பாதைதான். குறிஞ்சாக்கேணிப் பாலம் வேறு கதை. பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதியது கட்டத் தொடங்கியபோது நாங்கள் மறுபடியும் படகுப் பாதைக்கு வந்தோம். 2021 நவம்பர் 23 காலை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளோடு அந்தப் பாதைப் படகு கவிழ்ந்தது. ஆறு உயிர்கள் அன்றைக்கே போயின, சின்னஞ்சிறுசுகளும் அதில். இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

அதன் பிறகு தண்ணீர்ப் பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை. சுற்றுப்பாதையால் சைக்கிளில் போகத் தொடங்கினேன். உத்தியோக காலத்தில் சைக்கிள்தான் என் கால். ஓய்வுக்குப் பிறகு அது கொட்டிலில் சும்மா கிடந்தது. சுபஹ் தொழுதுவிட்டு, மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மிதிப்பேன். இரண்டு பக்கமும் பெரும்போக வயல், முழங்கால் உயரப் பச்சை. எருமைகள் பாதையின் நடுவே படுத்துக்கொண்டு மணியடித்தாலும் எழும்பாது. அந்தப் பயணத்தில் எனக்குச் சுகம் இருந்தது என்பதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, அந்தப் பயணம் எதனால் வந்தது என்று தெரியும். ஆனாலும் இருந்தது. மூச்சு விரிந்தது, ராத்திரித் தூக்கம் வந்தது.

ராத்தாவுக்கும் அதில் பங்கு கிடைத்தது. படுத்திருப்பவரிடம் வருகிறவர்கள் எல்லாரும் நோயைப் பற்றியே பேசுவார்கள். நான் ஈரத்தோடு போய் இருந்தால் ராத்தா கேட்கிற முதல் கேள்வி, "யாருட வயல்ல தண்ணி நிக்கிது?" வாப்பாவோடு வயலில் நின்று வளர்ந்தவர். எந்த வாய்க்கால் உடைந்தது, யார் வரம்பு கட்டவில்லை, இந்த வருசம் தயிர்ச் சட்டி என்ன விலை, எல்லாம் வேண்டும். நான் பார்த்து வராத நாளில் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்து பிரஷர் மெசினுக்கு வந்துவிடும். வெளியே போய்வருகிறவன் வெளியைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவர வேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது.

அந்த மாரியில்தான் இளையவள் வட்ஸ்அப்பில் பேசினாள். "மாமா, நாலு மணிக்கு முந்தியே இருட்டிருது. கிழமைக்கு ஒரு தரம் குதிரை ஓடப் பழகிறனான். வேலையோட ஏலாது போல இருக்கு. விட்டுருவமா எண்டு யோசிக்கிறன்."

குதிரையா, இந்த வயதிலா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. நம் நாட்டில் குதிரை என்றால் நெடுந்தீவில் வெயிலில் அலைகிற கூட்டம், இல்லாவிட்டால் நுவரெலியாவில் காசு கொடுத்து ஏறிப் படம் எடுக்கிற குதிரை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஆகவே அவளுடைய நாளைக் கேட்டேன். காலையில் எழுப்பிக் கழுவி உடுப்பாட்டுகிற சுற்று. மதியச் சாப்பாட்டுச் சுற்று. பின்னேரத் தேநீர்ச் சுற்று. ராத்திரிப் படுக்க வைக்கிற சுற்று. ஒரு வீட்டில் நிற்கிற நேரம் வழமையாக அரை மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது என்று அந்த நாட்டின் நைஸ் என்ற சுகாதார வழிகாட்டி நிறுவனம் 2015இல் சொல்லியிருக்கிறது. சொல்வது வேறு, ஓடுவது வேறு என்றாள். குதிரை ஓடுகிற வகுப்பு பின்னேரம். அந்த நேரத்தில் இருட்டு, குளிர், உடம்பில் பலமில்லை. குதிரைக்கும் அது கஷ்டகாலம். மேய்ச்சலுக்கு விட முடியாமல் லாயத்திலேயே நிற்கும். சாணி அள்ள வேண்டும், வைக்கோல் மாற்ற வேண்டும், தொட்டித் தண்ணீர் உறைந்தால் உடைத்துவிட வேண்டும், முதுகுக்குப் போர்வை கட்ட வேண்டும். கேட்கக் கேட்க எனக்கு இது ராத்தாவின் கட்டில் போலவே இருந்தது.

அவளுக்கு நான் ஒரு கதை சொன்னேன். பயிற்சிக் காலத்தில் வாசித்தது. மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்று ஓர் அமெரிக்கப் பெண். பெற்ற இரண்டு பிள்ளைகளையும் இழந்தவர். மகளைப் பிறந்த நாளிலேயே, மகனை நாலு வயதில். பிறகு இங்கிலாந்துக்குப் போய் மருத்துவிச்சி வேலை படித்து, 1925இல் கென்ரக்கி மாநிலத்து மலைக்காட்டில் ஒரு தாதியர் சேவையைத் தொடங்கினார். நம் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு வந்தது 1926இல். ஏறக்குறைய ஒரே காலம். கென்ரக்கியின் அந்தப் பகுதியில் ரோட்டுக் கிடையாது, ஆற்றுப்படுகைதான் பாதை. தாதிமார் ஏறத்தாழ 40 இறாத்தல் மருந்துப் பையைச் சேணத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பனியிலும் வெள்ளத்திலும் குதிரையில் வீடு வீடாகப் போனார்கள். முதல் ஆயிரம் பிரசவங்களில் பிரசவத்தால் ஒரு தாய்கூட இறக்கவில்லை என்று ஒரு பெரிய காப்புறுதிக் கம்பனியின் கணக்கர்கள் பார்த்துச் சொன்னார்கள். பிரெக்கின்ரிட்ஜ் 1931இல் குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர். அதற்குப் பிறகும் அந்தச் சேவையை நடத்தினார்.

எனக்கு அந்தக் கதையில் தாதிமாரை விடப் பிடித்தவர்கள் வேறு சிலர். கூரியர் என்று பெயர். வசதியான வீட்டு இளம்பெண்கள், 1928 தொடக்கம் சம்பளம் இல்லாமல் வந்து நின்றார்கள். பிரசவம் பார்க்க அவர்களுக்குத் தெரியாது. தாதிமாரின் குதிரைகளைத் தேய்த்து, தீனி போட்டு, லாடம் பார்த்து, செய்தி கொண்டு ஓடினார்கள். பராமரிக்கிறவருடைய குதிரையைப் பராமரிக்க என்று ஒரு படை. அதை யோசித்த ஆளுக்குத் தலை நன்றாக வேலை செய்திருக்கிறது.

இளையவளுக்குச் சொன்ன யோசனை சின்னது. நேரம் மிஞ்சினால் போவேன் என்று வைத்தால் எந்தக் காலத்திலும் போக மாட்டாய், வக்தோடு கட்டிவிடு. உன் ஊரில் டிசம்பரில் லுஹர் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் பிந்தி, அசர் இரண்டுக்கு முந்தி, மஃரிப் நாலுக்கு முந்தி. நாலு மணித்தியாலத்துக்குள் மூன்று தொழுகையையும் வேலைக்கு நடுவில் அடக்கத் தெரிந்தவளுக்கு ஒரு குதிரையை அடக்கத் தெரியாதா? மதியச் சுற்றுக்கும் தேநீர்ச் சுற்றுக்கும் இடையில் வெளிச்சம் இருக்கும்போது ஏறு. சாணி அள்ளுவதை இருட்டுக்கு வை, அதற்கு விளக்கு போதும். ஏற முடியாத கிழமையில் போய்க் குதிரையைத் தேய்த்துவிட்டாவது வா. அவள் கேட்டுக்கொண்டாள். லாயக்காரரோடு பேசி, சாணி அள்ளுகிற வேலைக்குப் பதிலாக மதிய நேரத்தில் அரை மணித்தியாலம் ஓட வாங்கிக்கொண்டாள்.

போனை வைத்த பிறகுதான் கதையின் மற்றப் பாதி எனக்குள் வேலை செய்தது. இளையவளுக்குக் குதிரை இருக்கிறது, விடுவதா வேண்டாமா என்று கேட்க மாமாவும் இருக்கிறான். மூத்தவளுக்கு? அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவளிடம் விட வேண்டியது எதுவும் மிச்சமில்லை. தையல் மெசின் துணி போர்த்தியபடி கிடந்தது. என்னை ஒவ்வொரு நாளும் வரவேற்று, பிளேன்டி ஊற்றி, நான் ஊட்டும்போது பக்கத்திலேயே நின்றாள். நான் போனது அவளுக்கு ஓய்வா, இன்னொரு விருந்தாளியா?

அடுத்த நாள் சொல்லிவிட்டேன். நான் வந்து இறங்கினதும் நீ வெளியே. இரண்டு மணித்தியாலம். எனக்குப் பிளேன்டி வேண்டாம், போத்தலில் கொண்டு வருகிறேன். அவள் நம்பவில்லை. முதல் கிழமை பக்கத்து அறையில் போய்த் தூங்கினாள், பாவம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. பிறகு கதவைச் சாத்தினாள். பிறகு அபாயாவைப் போட்டுக்கொண்டு வெளியே போகத் தொடங்கினாள். எங்கே என்று நான் கேட்டதே இல்லை. கணக்குக் கேட்டால் அந்த நேரமும் வேலையாகிவிடும். மனேஜரிடம் லீவு எடுப்பதுபோல் காரணம் தேடத் தொடங்குவாள்.

ராத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. "இவள் எங்கடா போறாள்?"

"தெரியா ராத்தா. கேக்கவும் மாட்டன்."

ராத்தா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்ப முடிந்தது ஒரு பக்கம்தான். அன்றைக்கு அந்தப் பக்கத்தில் நான் இருந்தேன். சொந்தக்காரர்கள் இன்னும் மோசம். தாய் இப்படிக் கிடக்க மகள் ஊர் சுற்றுகிறாளா என்று என்னிடமே கேட்டார்கள். நான்தான் அனுப்பினேன் என்றேன். அப்பிளும் ஓர்லிக்ஸ் போத்தலும் கொண்டுவந்த ஒரு மச்சியிடம், இதை வைத்துவிட்டு வியாழக்கிழமை பின்னேரம் வந்து ஊட்டிவிட முடியுமா என்று கேட்டேன். முகம் மாறியது. ஆனால் வந்தார். பிறகு இன்னொருவர் வந்தார். பிள்ளைகளைப் பெற்று, மாமியாரைப் பார்த்துக் கைதேர்ந்த பெண்கள் நம் ஊரில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள். அவர்களை ஒருவரும் வேலையாகக் கூப்பிடுவதில்லை, விருந்தாளியாகவே கூப்பிடுகிறோம்.

ராத்தா இப்போது இல்லை. அந்த மாரியின் கடைசியில் ஒரு நாள் இளையவள் படம் அனுப்பியிருந்தாள். தலையில் ஹெல்மட், காலில் முழங்கால் வரை சப்பாத்து, கையில் சாணி அள்ளுகிற முள்ளு, பின்னால் போர்வை போர்த்திய குதிரை. மூத்தவள் போனை உம்மாவின் கண்ணுக்கு நேரே பிடித்தாள். ராத்தா நெடுநேரம் பார்த்தார்.

"சாணி அள்ளுறதுக்கா அவ்வளவு தூரம் போனாள்? நம்மட ஊர்ல மாடா இல்ல?"