கவனம் என்னும் கல்வி

பரீட்சை என்றதும் மாணவர் உள்ளத்தில் முதலில் எழுவது மனனம் என்னும் சொல்லே. குறிப்புகளைச் சேர்த்தல், அவற்றை உருப்போடுதல், குறித்த நேரத்துள் அவற்றைத் தாளில் இறக்கிவைத்தல் என்பன நெடுங்காலம் பழகிய வழிகள். இவ்வழிகள் பயன்படாத பரீட்சையொன்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் சட்டபீடங்களிலும், கனடாவில் ஆங்கிலத்திற் கற்பிக்கும் சட்டபீடங்கள் பெரும்பாலானவற்றிலும் புகவிரும்புவோர் எழுதும் நுழைவுப் பரீட்சையே அது. எல்சாட் எனச் சுருக்கமாக வழங்கப்படும் இப்பரீட்சை 1948இல் முதன்முதலாக நடத்தப்பட்டது.

இதில் சட்ட அறிவைச் சோதிக்கும் வினா எதுவுமில்லை. சிறு வாதமொன்றைத் தந்து, அதன் குறை யாது, அது சொல்லாமற் கொண்டுள்ள எடுகோள் யாது, அதனை வலுவிழக்கச் செய்வது யாது என வினவுவர். அன்றேல் செறிவான உரைப்பகுதியொன்றைத் தந்து அதன் கருத்தை ஆராயச் சொல்வர். ஒவ்வொரு பகுதிக்கும் 35 நிமிடம். வாதங்களை ஆராயும் பகுதியில் ஏறத்தாழ 25 வினாக்கள் இருத்தலின், ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடமும் கிடைப்பதில்லை. நான்கு பகுதிகளுள் ஒன்றுக்குப் புள்ளி இல்லை. அது எதுவென எழுதுவோர் அறியார். எனவே எவ்விடத்தும் கவனம் தளர்தல் ஆகாது.

பகலில் தொழில் புரிந்து, இரவில் இரண்டு மணிநேரமே படிக்க வாய்ப்புள்ள ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். பழைய வினாத்தாள்களை அவள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிறாள், விடைகளை ஒப்பிடுகிறாள், புள்ளியைக் குறித்துவிட்டு அடுத்த தாளை எடுக்கிறாள். வாரங்கள் கழிந்தும் புள்ளி உயரவில்லை. அவளிடம் உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் அவ்வுழைப்பு ஒரே பிழையைத் திரும்பத் திரும்பப் பயில்வதாக முடிகின்றது.

“நாள்தோறும் நூலகம் செல்வோர் யாவரும் சித்தியடைவர், இவன் சித்தியடைந்தான், ஆகவே இவன் நாள்தோறும் நூலகம் சென்றவன்” என்னும் வாதம் விரைந்து படிப்போர்க்குச் சரியெனவே தோன்றும். நூலகம் செல்லாதோரும் சித்தியடையக்கூடும் என்பது நின்று நோக்குவார்க்கே புலனாகும். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை, ஏதுவைப் போலத் தோன்றி ஏதுவாகாததை ஏதுப்போலி என வகுத்துரைக்கின்றது. போலி என்ற சொல்லே ஓர் எச்சரிக்கை. பிழை பிழையாகவே வந்து நிற்பதில்லை. உண்மையின் சாயலோடு வருகின்றது.

ஆதலால் தாளைச் செய்து முடித்தவுடன் விடைப்பட்டியலைத் திறவாதிருத்தலே நல்ல முறை. ஐயுற்ற வினாக்களை மணிக்கூட்டைப் பாராது மீண்டும் ஆராய்ந்து, இரண்டாம் விடையொன்றைக் குறித்தல் வேண்டும். பின்னரே ஒப்பிடல் வேண்டும். முதன்முறை தவறி இரண்டாம் முறை சரியாயின், குறை பெரும்பாலும் விரைவில் உள்ளது. இருமுறையும் தவறின், விளக்கத்தில் உள்ளது. முன்னதற்கு மருந்து நேரப் பயிற்சி. பின்னதற்கு மருந்து நிதானமான கற்றல். தவறான விடை தன்னை ஏன் கவர்ந்தது என்பதைச் சொந்த மொழியில் இரண்டு வரி எழுதிவைப்பவள், பத்து வினாக்களிலிருந்தேனும் ஒரு தாளின் பயனைப் பெறுவாள்.

இப்பரீட்சையின் அண்மை வரலாறும் இதற்குத் துணைநிற்கின்றது. யார் யாருக்கு அருகில் அமர்வர் என்பன போன்ற நிபந்தனைப் புதிர்கள் பல்லாண்டுகள் இதில் இடம்பெற்றன. அவற்றை விடுவிக்க வரைபடம் வரையும் உத்திகளை மாணவர் பயின்றனர். வரைபடம் வரைய இயலாத பார்வையற்றோர்க்கு இஃது அநீதி என வழக்கு எழுந்தது. 2019இல் இணக்கம் ஏற்பட்டது. 2024 ஓகஸ்ட் முதல் அப்பகுதி நீக்கப்பட்டது. வரைபட உத்தி அன்றோடு பயனற்றுப் போயிற்று. “ஆயின் மட்டுமே” என்ற சொற்களின் எல்லையைத் துல்லியமாக உணரக் கற்றவர்க்கோ அவ்வறிவு ஏனைய பகுதிகளிலும் கைகொடுக்கின்றது.

ஒருவரது உரிமையும் உடைமையும் நாளை ஒரு வழக்கறிஞரின் கவனத்தில் தங்கியிருக்கும். எதிர்த்தரப்பின் வாதத்தில் ஓட்டை காண்பது அவர்தம் கடமை. தன் விடையிலேயே அதனைக் காணப் பழகாதவர்க்கு அக்கடமை எளிதாகாது.